முன்னாள் படைவீரர்களும் கஞ்சாவும்: மனநல மருத்துவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

படை மருத்துவமனைகளில் மனநல மருத்துவராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் புதுச்சேரியில் குடியேறியவன் நான். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். அனுப்பியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

கேள்வி (முன்னாள் நாயக் ஒருவரின் மனைவி, குறிஞ்சிப்பாடி): டாக்டர் ஐயா, என் கணவர் காஷ்மீரில் பல வருடம் இருந்தவர். தினமும் இரவில் கஞ்சா புகைத்தால்தான் தூங்குகிறார். நான் அழுது கேட்டுக்கொண்டதால் நான்கு நாட்கள் விட்டார். அந்த நான்கு இரவும் கத்திக்கொண்டே எழுந்தார். "பார்த்தாயா, இதுதான் எனக்கு மருந்து" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: அம்மா, அவர் பொய் சொல்லவில்லை, தான் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த நான்கு இரவுகளுக்கு அவர் கொள்ளும் பொருள் சரியல்ல.

கனவுகள் பெரும்பாலும், கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஓர் உறக்கக் கட்டத்தில் வருகின்றன. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்னும் பொருள் அந்தக் கட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கனவு குறைகிறது, அதோடு கெட்ட கனவும் குறைகிறது என்பதால் தொடக்கத்தில் அது பெரிய நிம்மதியாகத் தெரியும். நாளடைவில் உடல் பழகிப்போய், அதே நிம்மதிக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த கனவுக் கட்டம் அணை திறந்ததுபோல் ஒரேயடியாகத் திரும்பி வருகிறது. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரங்களில் தணிந்துவிடும். தூக்கமும் கனவும் மட்டும் சிலருக்கு இன்னும் சில வாரங்கள் தொல்லை தரும். உங்கள் கணவர் நிறுத்திப் பார்த்தது மிகக் கடினமான அந்த நான்கு நாட்களில்தான். பழைய நோய் எவ்வளவு, கஞ்சாவை விட்டதால் வந்தது எவ்வளவு என்பதை அந்த நான்கு நாளில் எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் பெரும்பாலும் பீடித்தூளிலோ சிகரெட் புகையிலையிலோ கலந்துதான் புகைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் அவர் ஒரே நேரத்தில் புகையிலையையும் விட்டிருக்கிறார். அந்தப் படபடப்பும் கஞ்சாவின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

அவரிடம் "விடு, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கெட்ட கனவுக்கு உண்மையான சிகிச்சை இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். நடந்த கொடுமையை, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு படிப்படியாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சைகளே அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு முதலிடம் பெறுபவை. செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்ற மாத்திரைகளும் உதவும். கெட்ட கனவுக்கென்று சிலருக்கு பிரசோசின் தருகிறோம். அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை, இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி (முன்னாள் சுபேதார், நெய்வேலி): சார், அமெரிக்காவிலும் கனடாவிலும் முன்னாள் வீரர்களுக்கு அரசாங்கமே கஞ்சா கொடுக்கிறதாமே? நம் நாட்டில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

பதில்: பாதி சரி. கனடாவின் முன்னாள் வீரர் நலத்துறை, மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 3 கிராம் வரை செலவைத் திருப்பித் தருகிறது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே பல மாநிலங்கள் அனுமதித்திருந்தாலும், முன்னாள் வீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்கள் கஞ்சாவைப் பரிந்துரைக்கக் கூடாது. அதே சமயம், புகைப்பதாகச் சொன்னதற்காக ஒரு முன்னாள் வீரரின் சலுகைகள் பறிக்கப்படுவதில்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசும்படி ஊக்குவிக்கிறார்கள். நாம் பின்பற்றத் தக்கது இந்த இரண்டாவது பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து.

பலன் பற்றிய சான்றையும் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயுள்ள 80 முன்னாள் வீரர்களைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று வகைக் கஞ்சாவையும், செயல்படும் பொருள் நீக்கப்பட்ட போலியையும் மூன்று வாரம் புகைக்கக் கொடுத்தார்கள். எல்லாக் குழுக்களுக்கும் ஓரளவு குணம் தெரிந்தது. போலியைப் புகைத்தவர்களுக்கும் தெரிந்தது. உண்மையான கஞ்சா போலியை வெல்லவில்லை. அதற்கு முன், 1992 முதல் 2011 வரை சிகிச்சைத் திட்டங்களில் இருந்த 2,276 முன்னாள் வீரர்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, கஞ்சாவைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நோய்க்குறிகளும் வன்முறையும் கூடுதலாகவும், நிறுத்தியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தன. கஞ்சாதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. நோய் முற்றியவர்கள் அதை நாடியிருக்கவும் கூடும். ஆனால் மருந்து என்று சொல்லி நான் ஒருவர் கையில் கொடுப்பதற்கு இந்தச் சான்று போதாது. அந்நாட்டின் முன்னாள் வீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் இந்த நோய்க்குக் கஞ்சா வேண்டாம் என்றே சொல்கிறது.

கேள்வி (முன்னாள் ஹவில்தார், வில்லியனூர்): மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீசுக்குப் போகுமா? பென்ஷன் நின்றுவிடுமா? இந்தப் பயத்தில்தான் நான் இன்னும் போகவில்லை.

பதில்: என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே கணக்கில் கொள்கிறது. அதன் 23ஆம் பிரிவு, நோயாளி சொன்னதை ரகசியமாகக் காக்கும்படி மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. "இரவில் புகைக்கிறேன்" என்று நீங்கள் சொல்வது அவற்றில் சேராது.

கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அதே சட்டம்தான். புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலரும் அறியவில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் மீது, புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அவர் தாமாகவே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்தக் காப்பை விலக்கிக்கொள்ளலாம். விற்பவருக்கு இது பொருந்தாது.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை, கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவரின் ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்க விதிகளில் இடம் உண்டு. சிகிச்சைக்குப் போவது குற்றமல்ல. உண்மையில் ஓய்வூதியத்துக்கு ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், பொட்டலம் வாங்கப் போகும் இடத்தில் இருக்கிறது.

இந்தப் பயம் மருத்துவரின் அறைக்குள்ளும் கூடவே வருகிறது. ஒருவர் வந்தார், கதவைப் பார்த்தபடி நாற்காலியின் நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "சப் டீக் ஹை, சாப்" (எல்லாம் நலம், ஐயா) என்பதே பதில். மூன்று மாதமாக மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் குணமில்லை. நான்காம் முறை அவர் மனைவி கைப்பையிலிருந்து, தினத்தாள் துண்டில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்குத்தான் அவருக்குச் சரியான சிகிச்சை தொடங்கியது.

கேள்வி (வங்கிக் காவலர், பண்ருட்டி): நான் ஓய்வுக்குப் பின் வங்கியில் கன்மேனாக இருக்கிறேன். சொந்த உரிமத் துப்பாக்கி. விடுமுறை நாளில் மட்டும்தான் புகைக்கிறேன். சிகிச்சைக்குப் போனால் உரிமம் போய்விடுமோ?

பதில்: உரிமத்துக்கு மனநலச் சான்று கேட்கப்படும் என்பது உண்மை. ஆனால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்தாலே உரிமம் ரத்தாகிவிடும் என்பதில்லை. என் கவலை வேறு. மனம் தளர்ந்த இரவில், போதையில், கைக்கெட்டும் தூரத்தில் தோட்டாவுடன் துப்பாக்கி இருப்பது மிகவும் ஆபத்தானது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் குறுகிய நேரத்துக்கே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஆயுதம் கையில் இல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குவீர்களே, அதே வழியில் சில வாரங்கள் ஒப்படைத்துவிட்டு மருத்துவ விடுப்பு எடுங்கள். அப்படி எண்ணம் ஏதேனும் தலைகாட்டினால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி (பணியில் இருப்பவர், விடுப்பில் கடலூர் முதுநகர்): நான் இன்னும் சர்வீசில் இருக்கிறேன். மருத்துவரிடம் சொன்னது ரகசியமாக இருக்கும் என்ற பாதுகாப்பு எனக்கும் உண்டா?

பதில்: தம்பி, உங்களுக்கு அந்த உறுதியை நான் அப்படியே தர முடியாது. படை மருத்துவர் நீங்கள் எந்தப் பணிக்குத் தகுதி என்று காட்டும் உடல்நல வகையைத் தீர்மானிக்கும் அமைப்பின் ஓர் அங்கம். மனநலக் காரணத்தால் வகை குறைக்கப்படலாம், பிரிவுத் தலைவரிடமும் அறிக்கை கேட்கப்படும். ஆனால் தினசரி புகைப்பவரின் சிறுநீரில் ஒரு மாதம் வரைகூட அதன் தடயம் தெரியலாம் என்பதால், மறைத்துவிடலாம் என்ற கணக்கும் நிற்காது. தாமாகச் சொன்னவருக்கும் சோதனையில் அகப்பட்டவருக்கும் முன்னால் உள்ள வழிகள் ஒன்றல்ல. படையினருக்கென்றே புனேயில் உள்ள படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் முதல் தனி டெலிமானஸ் பிரிவு இயங்குகிறது. முதலில் அங்கே பேசிப் பாருங்கள். உங்கள் விடுப்பு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், கடினமான நாட்களை வீட்டாரின் துணையோடு கடக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

கேள்வி (முன்னாள் வீரர், அரியாங்குப்பம்): கேண்டீன் ரம்மை விட இது மேல் அல்லவா?

பதில்: இரண்டையும் தராசில் வைக்க வேண்டாம். என்னிடம் வருபவர்களில் பலர் இரண்டையுமே பயன்படுத்துகிறார்கள். ஒன்றை விட்டதும் மற்றொன்று கூடுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள்: தினமும் அதிகம் குடிப்பவர் மதுவை வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மருத்துவமனையில் இருந்துதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி (பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பத்தைச் சேர்ந்தவர், புதுச்சேரி): என் அண்ணன் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பிரான்சில் மருத்துவக் கஞ்சா வந்துவிட்டது என்கிறார். உண்மையா?

பதில்: 2021 மார்ச்சில் அங்கே ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கினார்கள். தீராத நரம்பு வலி, அடங்காத வலிப்பு, புற்றுநோய்ச் சிகிச்சையின் தொல்லைகள் போன்ற சில நோய்களுக்கு மட்டுமே அது. போர் அதிர்ச்சி அந்தப் பட்டியலில் இல்லை. புதுச்சேரியில் இருக்கும்வரை அவருக்கும் இந்தியச் சட்டம்தான்.

கேள்வி (முன்னாள் லான்ஸ் நாயக், பரங்கிப்பேட்டை): இணையத்தில் விற்கும் 'விஜயா' எண்ணெய் சட்டப்படி சரிதானே? குளோனசெபாம் மாத்திரையுடன் சாப்பிடலாமா?

பதில்: விஜயா என்பது ஆயுர்வேதத்தில் கஞ்சாவுக்கு உள்ள பெயர். கஞ்சாச் செடியின் இலையிலிருந்து உரிமத்துடன் செய்யப்படும் ஆயுர்வேத மருந்துகள் உண்டு, அவையும் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டியவையே. பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையான குளோனசெபாமுடன் சேர்ந்தால் மயக்கமும் தள்ளாட்டமும் கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதன் வீரியம் ஏறி இரத்தக்கசிவு வரலாம். மனநோய் மருந்தான ஓலான்சபின் சாப்பிடுபவர் புகைத்தால் மருந்தின் அளவு உடலில் குறையும். புகைப்பதை நிறுத்தினால் கூடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் எண்ணெய்ப் புட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி (பலரும் கேட்டது): எங்கே போவது? போய் என்ன சொல்வது?

பதில்: புதுச்சேரியில் ஜிப்மரின் மனநலப் பிரிவு, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை உள்ளவர்கள் தங்கள் பாலிகிளினிக்கில் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற இலவச எண்ணும் உண்டு.

உட்கார்ந்ததும் இவற்றைச் சொல்லுங்கள்: எந்த வயதில் தொடங்கினீர்கள்; ஒரு நாளில் எத்தனை முறை, எந்த நேரத்தில்; புகையிலை கலந்தா, கலக்காமலா; கடைசியாக எப்போது; நிறுத்திப் பார்த்தபோது என்ன ஆனது; கூடவே என்ன மாத்திரை, எவ்வளவு மது. இன்னும் விட முடியவில்லை என்றாலும் போங்கள். விட்டபிறகுதான் வர வேண்டும் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உங்களுக்குச் சிகிச்சை பெறும் உரிமையைத் தந்திருக்கிறது என்பதை அமைதியாக எடுத்துச் சொல்லி, அன்றைக்கே சீட்டு எழுதி வாங்குங்கள்.