சித்தி வீதத்தில் காணாமற்போகும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். பேராதனையில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் படித்துவிட்டு, இப்போது தரம் 11 வரை மட்டுமே வகுப்புகள் உள்ள வகை 2 பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். மலையகக் கல்வி பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்ததில், கல்விக் கொள்கை ஆய்வையும் தரவுப் பகுப்பாய்வையும் என் தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. கொழும்பில் ஒரு நிறுவனத்தில், ஒரு வருட ஒப்பந்தத்தில், ஆய்வு உதவியாளர் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டிலோ, "அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு என்ன ஆராய்ச்சி?" என்கிறார்கள். முதுமாணிப் பட்டம் முதலில் செய்வதா, மென்பொருள் பழகுவதா, வேலையை விடுவதா? இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும்போது, இங்கே இருந்துகொண்டு ஒருத்தி செய்யக்கூடியது ஏதும் உண்டா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதில் அதில்தான் தங்கியிருக்கிறது. கல்வித் தரவைப் பகுத்தாய்கிறவர்களில் பெரும்பாலோர், எக்செல் கோப்பொன்று கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள். அந்தக் கோப்பில் இருக்கும் எண் எந்த அறையில், எந்த நெருக்கடியில், யார் கையால் எழுதப்பட்டது என்று பார்த்தவர்கள் மிகச் சிலர். நீங்கள் தினமும் வரவு இடாப்பு குறிக்கிறீர்கள். வருடாந்தப் பாடசாலைக் கணக்கெடுப்புப் படிவம் வரும்போது அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து அதை எப்படி நிரப்புகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் இதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

இதன் பெறுமதி விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்களுடையதைப் போன்ற ஒரு வகை 2 பாடசாலையில் தரம் 6 இல் 40 பிள்ளைகள் சேர்கிறார்கள். அவர்களில் 22 பேர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றி, 14 பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெறுகிறார்கள். தோற்றியவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம். அவர்களுக்கு அடுத்த தொகுதியிலும் தரம் 6 இல் இருந்தவர்கள் 40 பேர்தான். ஆனால் தோற்றியவர்கள் 15 பேர், தகுதி பெற்றவர்கள் 12 பேர். சித்தி வீதம் 80 சதவீதம். வலயக் கூட்டத்தில் பாராட்டுக் கிடைக்கும், ஒருவேளை பத்திரிகையிலும் செய்தி வரும். உண்மையில் தகுதி பெற்ற பிள்ளைகளில் இரண்டு பேர் குறைந்திருக்கிறார்கள். தோற்றியவர்களால் வகுக்காமல், தரம் 6 இல் சேர்ந்தவர்களால் வகுத்துப் பாருங்கள்: 35 சதவீதம் 30 ஆக இறங்கியிருக்கிறது.

இதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் தவறாகும். முதல் தொகுதியில் தோற்றாமற்போன 18 பேரில் எல்லோரையும் இடைவிலகியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சிலர் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள பெரிய பாடசாலைக்கு மாறியிருப்பார்கள், சிலருடைய குடும்பமே கொழும்புப் பக்கம் போயிருக்கும், சிலர் கடைகளில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள், இன்னும் சிலர் வகுப்பில் இருந்துகொண்டே பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார்கள். இவர்களைப் பிரித்தறிய உதவும் ஒரே ஆவணம் சேர்விடாப்பு. அதில் விலகிய திகதிக்கும் காரணத்துக்கும் நிரல்கள் உண்டு. நான் புரட்டிப் பார்த்த இடாப்புகள் பலவற்றில் காரண நிரல் வெறுமையாகவே கிடந்தது. நிரப்பப்பட்ட இடங்களிலும் 'பெற்றோர் விருப்பம்' என்ற இரண்டு சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. பதினான்கு வயதில் புடைவைக் கடைக்குப் போன பையனும், விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையைத் தேடிப் போன பெண்ணும் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். கொழும்பில் இருக்கும் ஆய்வாளர் எவ்வளவு நுட்பமான மாதிரியுருவைப் பயன்படுத்தினாலும் இந்த இருவரையும் பிரிக்க முடியாது. நீங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போய்க் கேட்டால் ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம்.

நம் ஆட்களுக்கு இது புதிய பாடமல்ல. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எண் என்பது தராசு யார் கையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாணவர் ஆசிரியர் விகிதத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 200 பிள்ளைகளுக்கு 12 ஆசிரியர் என்றால் ஏட்டில் நிலைமை நன்றாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லை என்பதும், இரண்டு பேர் இணைப்பில் வேறு பாடசாலையில் வேலை செய்கிறார்கள் என்பதும் அந்த விகிதத்தில் தெரியாது.

தேசிய ஆய்வுகளுக்குள் நுழையும்போது முதலில் வரைவிலக்கணத்தை வாசியுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் குறைந்தது 10 வதிவிடத் தொழிலாளர்களும் உள்ள பெருந்தோட்டங்களே 'தோட்டத்துறை'. ஆகவே ஹட்டன் நகரத்தில் குடியிருக்கும் மலையகத் தமிழ்க் குடும்பம் நகரத்துறையிலும், தோட்டத்துக்கு வெளியே கடைவீதியில் குடியேறிய குடும்பம் கிராமத்துறையிலும் சேர்ந்துவிடும். பிள்ளைகளைப் படிக்கவைத்து லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறுகிறவர்கள் தோட்டத்துறையின் கணக்கிலிருந்தும் வெளியேறுகிறார்கள். எனவே தோட்டத்துறைப் புள்ளிவிபரத்தை அப்படியே நம் சமூகத்தின் புள்ளிவிபரமாக எடுத்துக்கொள்ளும் கட்டுரைகளை, அவை யார் எழுதியவையாக இருந்தாலும், சந்தேகத்தோடு வாசியுங்கள்.

மாதிரியின் அளவும் கவனத்துக்குரியது. 2012 தொகைமதிப்பின்படி தோட்டத்துறையில் வாழ்ந்தவர்கள் நாட்டின் சனத்தொகையில் 4.4 சதவீதமானோர். ஏறத்தாழ 25,000 வீட்டலகுகளைத் தெரிவுசெய்யும் குடும்ப வருமான செலவின ஆய்வில் அவர்களுக்குக் கிடைப்பது சிறிய பங்கே. அதை மாவட்டவாரியாகப் பிரித்து, அதற்குள் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளைத் தேடினால் மிஞ்சுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரை வைத்துக்கொண்டு சதவீதம் சொல்வது ஆய்வாகாது.

இத்தகைய அறிவை வைத்து என்ன கேள்வி கேட்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு, 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் அதற்குள் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்களும் இரண்டு மொழிமூலங்களும் இருக்கின்றன. அனுமதி பெறத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியோ மாவட்டத்துக்கு ஒன்றுதான். மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்கள் எந்த வலயத்துக்கு, எந்த மொழிமூலத்துக்கு, எந்த வகைப் பாடசாலைக்குப் போய்ச் சேர்கின்றன? உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி எனும் வகைப் பாடசாலைகளில் மட்டுமே இருப்பதால், உங்கள் பாடசாலைப் பிள்ளை அந்தப் போட்டியில் இறங்குவதற்கே முதலில் வேறு பாடசாலைக்குப் போயாக வேண்டும். ஒரு முதுமாணி ஆய்வுக்கு இந்தக் கேள்வியே போதும்.

தரவு பெறுவதற்கு வழி உண்டு. கல்வி அமைச்சின் கணக்கெடுப்பு அறிக்கைகள், பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்று ஆய்வுகள், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் நடத்தும் அடைவு மட்ட ஆய்வுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளியிடப்படாததை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். 'மலையகக் கல்வி பற்றிய விபரம் தருக' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. எந்த வலயம், எந்த ஆண்டு, எந்த நிரல் என்று குறித்துக் கேளுங்கள்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, புள்ளிவிபரவியல் படித்த உங்களுக்குச் சில மாதங்களில் கைவந்துவிடும். மாதிரி ஆய்வுகளில் நிறைகளை, அதாவது தெரிவான ஒவ்வொருவரும் எத்தனை பேரைப் பிரதிநிதித்துவம் செய்கிறார் என்ற எடைகளை, பயன்படுத்தும் முறையை மட்டும் அக்கறையாகப் பழகுங்கள். சிங்களத்தைத்தான் நான் வலியுறுத்துவேன். சுற்றறிக்கையின் மூலப் பிரதியை வாசிக்கவும், திட்டமிடல் பிரிவு உத்தியோகத்தரோடு அவருடைய மொழியில் பேசவும் முடியாதவர், கொள்கை ஆய்வில் எப்போதும் இன்னொருவருடைய மொழிபெயர்ப்பை நம்பியே இருக்க வேண்டிவரும். முதுமாணிக்குப் பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தின் பிரயோகப் புள்ளிவிபரவியல் பாடநெறியை விசாரியுங்கள். கல்வியியலைப் பிறகு வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம், இதை மறுப்பவர்களும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் பாடசாலையில் ஒரு தொகுதிப் பிள்ளைகளை தரம் 6 இலிருந்து 11 வரை பின்தொடர்ந்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். அதிபரிடமும் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள்; அரச உத்தியோகத்தர் என்ற வகையில், அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவை உங்களைக் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைகளின் பெயரை நீக்கிவிடுங்கள். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று பேரே இருந்தால் அதை வெளியே காட்டாதீர்கள், சின்னத் தோட்டத்தில் யாரென்று உடனே தெரிந்துவிடும்.

ஒப்பந்த வேலைக்கு வருவோம். ஆசிரியர் வேலையை இப்போது விடாதீர்கள். சம்பளமற்ற விடுமுறை பெற இடமுண்டா என்று பாருங்கள். அந்த நிறுவனத்திடம் ஒன்றை வெளிப்படையாகக் கேளுங்கள்: உங்களைப் பகுப்பாய்வுக்கு எடுக்கிறார்களா, தமிழ் தெரிந்தவர் என்பதற்காகத் தோட்டங்களுக்கு வினாக்கொத்தோடு அனுப்ப எடுக்கிறார்களா? நம் பட்டதாரிகள் பலர் லயம் லயமாக ஏறி இறங்கித் தரவு சேகரித்துக் கொடுத்துவிட்டு, அச்சாகிவந்த அறிக்கையில் நன்றியுரையின் கடைசி வரியில் நின்றிருக்கிறார்கள். தரவுக் கோப்பு உங்கள் கைக்கு வருமா, அறிக்கை எழுதுவதில் உங்களுக்குப் பங்கு உண்டா, அறிக்கையை எழுதியவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இடம்பெறுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆம் என்றால் விடுமுறைக்கு விண்ணப்பியுங்கள். மழுப்பினால், அந்த ஒரு வருடத்தில் மேலே சொன்ன அட்டவணையையும் சிங்களத்தையும் முடித்துவிடலாம்.