வீட்டுச் சேவல் ஆட்களை விரட்டிக் கொத்துகிறது. திருத்த முடியுமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: கொல்லையில் ஆறு பெட்டை, மூன்று சேவல். மூன்றில் பெரியது, துணி காயப்போடப் போகிற மனைவியையும் பள்ளிவிட்டு வருகிற ஏழு வயது மகனையும் பின்னாலிருந்து பாய்ந்து அடிக்கிறது. விளக்குமாற்றால் நாலு போட்டும் அடங்கவில்லை. விற்றுவிடலாம் என்றால் அம்மா அதைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார்; ஆடி மாதம் வரை கைவைக்க முடியாது. கூடவே, கருவாட்டுத் தலையைக் கோழிக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

திருத்துகிற ஆசையை விடுங்கள். ஆறு பெட்டைக்கு ஒரு சேவலே தாராளம். சின்னவை இரண்டில் சாதுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் குழம்பாக்குங்கள். பெரியதை ஆடி வரை தனியாக அடைத்துப் போடுங்கள். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீடு இராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் நடுவில் இருக்கிறது. மணலும் பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத பூமி. ஆண்கள் கடலுக்குப் போகிற வீடுகளில் கோழி என்பது பெண்களின் கைச்செலவுக் காசு. மீன்பாடு இல்லாத வாரத்தில் முட்டை விற்ற பணத்தில்தான் பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் இங்கே யாரும் சேவலைச் செல்லமாகவும் பார்ப்பதில்லை, வீரனாகவும் பார்ப்பதில்லை. தின்கிற தானியத்துக்கு வேலை செய்கிறதா என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்குப்படி முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சேவலின் நிழல் படாத பெட்டையும் முட்டையிடும். அடைவைத்தால் குஞ்சு வராது, அவ்வளவுதான். சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டையைத்தான் எங்கள் பக்கத்து வெயிலில் அதிக நாள் வைத்திருக்க முடியாது. கரு உள்ள முட்டை, கோழி அடைகாக்காவிட்டாலும் சித்திரை, வைகாசி வெக்கையிலேயே உள்ளே லேசாக வளரத் தொடங்கிவிடும். பிறகு அது பாதியில் செத்து, உடைக்கும்போது நாறும். கடைக்கு முட்டை போடுகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கோடையில் சேவலைப் பிரித்து வைப்பார்கள். பிரித்த பிறகும் இரண்டு வாரம் வரை முட்டையில் கரு இருக்கலாம், ஏனென்றால் சேவலின் விந்தைப் பெட்டை தன் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தலைமுறைக்குக் குஞ்சு வேண்டும் என்றால் மட்டும் ஒரு சேவல் வேண்டும். அந்த ஒன்று பத்துப் பெட்டையைக்கூடச் சமாளிக்கும்.

ஆறுக்கு மூன்று என்று வைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் பெட்டைகளின் முதுகைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். மாற்றி மாற்றி மிதித்து இறகு உதிர்ந்து தோல் தெரியும், கொண்டை கிழிந்திருக்கும். பெட்டை ஓடி ஒளியும், முட்டை குறையும். சேவல்களோ நாள் முழுக்க ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் குறுக்கே போகிற எதுவும் அவற்றுக்கு எதிரிதான், உங்கள் மனைவியின் சேலைத் தலைப்பு உட்பட.

ஐந்து, ஆறு மாதத்தில் ஆண் சுரப்பு ஏறும்போதுதான் இந்தக் குணம் வெளியே வரும். அதுவரை கையில் தானியம் கொத்தித் தின்ற குஞ்சுதானே என்று நினைக்காதீர்கள். மனிதரிடம் பயமே இல்லாமல் வளர்ந்தது சில சமயம் இன்னும் துணிந்து வரும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்தபடி பக்கவாட்டில் நடனமாடும். கழுத்து முடியைச் சிலிர்க்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ கொத்துவது போல் பாசாங்கு செய்யும். பெட்டையைச் சுற்றி இதைச் செய்தால் காதல், உங்களைச் சுற்றிச் செய்தால் சவால். நீங்கள் திரும்பி நடந்ததும் இரண்டு காலையும் தூக்கி, காலின் பின்பக்கம் இருக்கும் முள்ளால் அடிக்கும். சிறுவன் அலறி ஓடினால் அது ஜெயித்துவிட்டது; மறுநாள் அவனுக்காகவே காத்திருக்கும். விளக்குமாற்றால் அடித்தால், நீங்கள் அதன் சண்டைக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று பொருள். எங்கள் தெருவுக்கு மீன் எடுக்க வருகிற வியாபாரியின் மொபெட் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து ஒரு சேவல் தினமும் மோதும். அவர் கண்ணாடிக்குச் சட்டிமூடித் துணியைக் கட்டிவிட்டுத்தான் மீனைத் தூக்குவார்.

இளம் சேவலாக இருந்தால், அதாவது முள் இன்னும் பொட்டாக இருக்கும்போது, சில வழிகள் பலிக்கின்றன. அது முறைத்தால் ஓடாதீர்கள், உதைக்காதீர்கள். அதை நோக்கியே நிதானமாக நடந்து, அது விலகும்வரை நில்லுங்கள். இரவில் அடைந்த பிறகு கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, எடுப்பது சுலபம். எடுத்து இறக்கையோடு சேர்த்து இடுக்கிக்கொண்டு, காலையில் பெட்டைகள் பார்க்கும்படி கொஞ்ச நேரம் கொல்லையில் நடங்கள். மானம் போனது போலத் தலையைத் தொங்கப்போடும். அடுத்தது பஞ்சாரம், அதாவது கோழியை மூடி வைக்கிற கூடை: பெட்டைகள் கண்ணில் படும் இடத்தில் ஒரு வாரம் கவிழ்த்து வைத்தால் வெளியே வரும்போது பழைய அதிகாரம் இருக்காது. முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். அடிவரை வெட்டப் போகக் கூடாது, உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு.

ஒரு வயது தாண்டி, முள் அங்குலம் வளர்ந்து, பிள்ளையின் உடம்பில் ஒரு முறை இரத்தம் பார்த்துவிட்ட சேவலுக்கு இதெல்லாம் வீண். பெரியவர்களுக்குக் காலில் படுகிற அடி, ஏழு வயதுப் பையனுக்கு முகத்தில் படும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கனவே பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்; ஆழமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். நாய்க்கடி ஊசி வேண்டாம். வெறிநோய் பாலூட்டிகளிடமிருந்து வருவது, கோழியிடமிருந்து வராது.

இவ்வளவு திட்டினாலும் நல்ல சேவல் ஒன்று இருக்கிற கொல்லையின் அழகே தனி. புழுவோ கறையானோ கண்டால் தான் தின்னாது. கொக்கொக்கென்று கூப்பிட்டு, அலகால் எடுத்துக் காட்டி, பெட்டை வந்து தின்னும்வரை நிற்கும். வானத்தில் பருந்து தெரிந்தால் நீளமாக ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் விட்டுவிட்டு வேறொரு குரல். முதல் குரலுக்குப் பெட்டைகள் உடைமரத்தடியில் பதுங்கும், இரண்டாவதுக்குக் கழுத்தை நீட்டி நிமிரும். கடற்கரையில் மீனுக்காகச் செம்பருந்து எப்போதும் வட்டமிடுகிற ஊரில் இந்தக் காவல் பெரிய காரியம். என் மாமியார் சேவல் தேர்ந்தெடுப்பதே இப்படித்தான். விடலைப் பருவத்துச் சேவல்களுக்கு நடுவே ஒரு பிடி குருணையை வீசுவார். முண்டியடித்துத் தின்பவை ஒரு பக்கம், பெட்டையைக் கூப்பிடுகிறது மறுபக்கம். கூப்பிட்டது தங்கும், மற்றவை தீபாவளிக்குப் போகும். கூப்பிடுகிற சேவல் மனிதரை அடிக்கவே அடிக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அடித்தாலும் பெட்டைக்காக அடிக்கும், சும்மா வம்புக்கு வராது. இன்னொன்று, வைத்துக்கொள்ளும் சேவல் அந்தப் பெட்டைகளின் உடன்பிறப்பாக இருக்கக் கூடாது. வேறு ஊர் உறவுக்காரரோடு ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரியதைப் பிரித்த பிறகு உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சேவல் கூவலை ஆராய்ந்து, 2013-இல் ஒன்றும் 2015-இல் ஒன்றுமாக இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். விடியலைப் பார்த்துச் சேவல் கூவுவதில்லை, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி விடிவதற்கு முன்பே கூவத் தொடங்குகிறது என்பது முதலாவது. கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், அதற்குக் கீழே உள்ளவை வரிசைப்படி பின்தொடரும், தலைமையை அகற்றினால் அடுத்தது முந்திக் கூவும் என்பது இரண்டாவது. படிக்காமலே எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு இது பாதி தெரியும். நீங்களும் நாளை விடியலுக்கு முன் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பெரியதுக்கு அடுத்து எது கூவுகிறதோ அதுதான் பட்டத்து இளவரசன். பெரியது உள்ளே போன மறுவாரமே அவனுக்குத் திமிர் ஏறலாம். சாதுவானது எது என்று முடிவெடுப்பதை அந்த வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெருவிடை என்கிற சண்டைக்கோழி இனத்தின் இரத்தம் கலந்த சேவல் என்பதால்தான் மூர்க்கம் என்று யாராவது சொல்வார்கள். அப்படியே நம்ப வேண்டாம். சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் அதை நாள்தோறும் கையில் எடுத்துத் தடவிப் பழக்குவதால், மற்ற சேவலைக் கண்டால் கொல்லத் துடிக்கும் அதே பறவை எஜமானிடம் பூனையாய் இருக்கும். (சேவல்களை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பழக்கத்துக்கு நான் சான்றிதழ் கொடுக்கவில்லை.) நான் பார்த்த வரையில் மூர்க்கச் சேவல் பல வீடுகளில் நீடிப்பதற்குக் காரணம் வீட்டு ஆண்பிள்ளையின் பெருமை. "என் சேவலைத் தாண்டி எவன் உள்ளே வருவான்?" என்று திண்ணையில் பேசுவதற்கு நன்றாக இருக்கும். அடி வாங்குவது தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்தான். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கருவாட்டுத் தலைக்கு வருகிறேன். உப்புப் போட்ட கருவாடு வேண்டவே வேண்டாம். கோழிக்கு உப்பு மிஞ்சினால் ஆகாது, குஞ்சுக்கு இன்னும் மோசம்: தண்ணீராகக் குடிக்கும், தண்ணீராகக் கழியும், தள்ளாடி விழும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிற நம் பக்கத்தில், குடிக்கிற நீரிலும் உப்பு, தின்பதிலும் உப்பு என்றால் தாங்காது. உங்கள் குழாய்த் தண்ணீர் கரித்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கோழிக்கும் வையுங்கள். உப்பில்லாமல் காய்ந்த காரல், நெத்திலித் தூள் கொஞ்சமாகப் போடலாம், அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். கிளிஞ்சலைப் பொடித்து வைத்தால் முட்டை ஓடு உறுதியாகும், அதற்கு நமக்குச் செலவே இல்லை. பருந்துக்காகப் பழைய வலையை மேலே கட்டுகிறவர்கள் சிறு கண்ணி வலையாகப் பார்த்து இழுத்துக் கட்டுங்கள். தொங்கலாக விட்டால் கால் சிக்கிக் கோழி செத்துப் போகும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்து, பிறகு எட்டு வாரத்தில் இறக்கையடி ஊசி, இரண்டையும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். திடீரென்று உங்கள் மூர்க்கன் கூவாமல் ஒடுங்கி நின்றால் திருந்திவிட்டான் என்று மகிழாதீர்கள், அந்த நோயாக இருக்கலாம், எச்சத்தைப் பாருங்கள்.

இனி கருப்பசாமியின் சேவல். நேர்ந்ததை மாற்றச் சொல்லி அம்மாவிடம் சண்டை வேண்டாம். பனைமட்டையால் ஆள் உயரத்துக்கு ஒரு தனிப் பட்டி அடையுங்கள், மேலே ஓலை வேயுங்கள். பஞ்சாரத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் கோடை வெக்கையில் இளைத்துவிடும், சாமிக்கு இளைத்த சேவலைக் கொடுத்தால் அதற்கும் அம்மா உங்களைத்தான் திட்டுவார். மற்ற சேவல் கண்ணில் படாதபடி ஒரு பக்கம் சாக்கு கட்டுங்கள், இல்லையென்றால் மட்டையிலேயே மோதி முகத்தைக் கிழித்துக்கொள்ளும். தீனியும் தண்ணீரும் வெளியிலிருந்தே தள்ளுகிற மாதிரி கீழே ஒரு சந்து விடுங்கள், கதவுத் தாழ்ப்பாள் மகனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கோவிலுக்குப் போகிற அன்று காலையில் துரத்திப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின இரவே அடைந்த பிறகு தூக்கிக் கூடையில் வைத்துவிடுங்கள். பூசாரி கையில் கொடுக்கும்போது காலை நீங்களே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.