அம்மாவுக்கு முழங்கால் வலியா? ஆன்டிலோப் பள்ளத்தாக்கின் மேல் பகுதிக்குப் போங்கள்

ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பேஜ் நகரில் ஒரே ஒரு பகல், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. பக்கத்திலிருக்கும் ஆன்டிலோப் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் மேல் பகுதியா கீழ்ப் பகுதியா என்று கேட்டிருந்தீர்கள். மேல் பகுதியேதான். உள்ளே மணல் தரை, கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். கீழ்ப் பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிகள், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் மேல் பகுதியிலும் திரும்பி வரும் வெளிப்பாதையில் படிகள் உண்டு. எத்தனை என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மேலிருந்து உள்ளே விழும் ஒளிக்கற்றை பார்க்க நண்பகலை ஒட்டிய நேரம் நல்லது.

ஜூலை அங்கே மழைக்காலம். எங்கோ பெய்யும் மழை திடீர் வெள்ளமாக இந்த இடுக்கில் பாயும். 1997 ஆகஸ்டில் கீழ்ப் பகுதியில் 11 பயணிகள் அப்படித்தான் இறந்தார்கள். வழிகாட்டி சுற்றுலாவை ரத்து செய்தால் தயவுசெய்து வாதாடாதீர்கள்.

அப்புறம் கடிகாரம். பள்ளத்தாக்கு இருப்பது நவாஹோ நாட்டில், அதாவது நவாஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதியில். கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அரிசோனாவின் மற்ற இடங்களில் ஓடாது. பேஜ் பக்கத்துச் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படிதான். கைபேசியை நம்பாமல் நேரத்தைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள்.

நவாஹோ பண்பாடு பற்றியும் கேட்டீர்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகவே முடியாது என்பதால் அவரிடமே பேச்சுக் கொடுங்கள். அனுமதி கேட்காமல் மனிதர்களைப் படம் எடுக்காதீர்கள். மாலையில் பொரித்த ரொட்டி சாப்பிடுங்கள். 1864இல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களை நியூ மெக்சிகோவுக்கு நடத்தியே விரட்டியபோது, பங்கீடாகக் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த உணவு அது என்பார்கள். நெசவோ வெள்ளி நகையோ வாங்கினால், செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள்.