அரக்கன் என்ற சொல்லை முதலில் சொன்னவர் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் கூடி வாசிக்கிறோம். இந்த ஆண்டு மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல், ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகம் இரண்டையும் முடித்தோம். மெட்ரிக் படிக்கும் என் பேத்தி இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினாள். பேராசை மனிதனை அரக்கனாக்குகிறது, அரக்கனானவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, ஆகவே அளவோடு ஆசைப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் கப்பலேறி வந்த நம் முன்னோரும் பேராசைக்காரர்கள்தானே? இந்த நூல்கள் அதைத்தான் சொல்கின்றனவா? தமிழில் இதற்கு இணை தேடினால் இராவணனைத் தவிர வேறு யாரும் இல்லையா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். பேத்தியைக் குறை சொல்லாதீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் படித்தபோதும் இதே கட்டுரையைத்தான் எழுதினோம். அரியணைக்காக அரசனைக் கொல்லும் முன் மக்பெத் தனியே நின்று தன் பேராவலைப் பற்றிப் பேசும் வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்தோம். அது குதிரையேற்றத்திலிருந்து வந்த உவமை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சேணத்தில் ஏறத் தாவியவன் வேகம் மிஞ்சி மறுபக்கம் போய் விழுகிறான். பல ஆண்டுகள் கழித்து கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்தில், ஒரு ஜாக்கியின் காலைப் பிடித்து ஏற்றிவிட்டவர் சற்று அதிகமாகத் தூக்கிவிட, அவர் மறுபுறம் சரியப் பார்த்துப் பிடரிமயிரைப் பற்றிக்கொண்டதைக் கண்டபோதுதான் அந்த வரி எனக்கு விளங்கியது. ஏற விரும்பியதை அந்த உவமை குற்றம் சொல்லவில்லை.

பேத்தியின் கட்டுரையில் இடறுவது முதற்சொல்லே. ஆங்கிலத்தில் இதற்கு உள்ள 'ஆம்பிஷன்' என்ற சொல்லை நாம் 'பேராசை' என்று பெயர்த்துவிட்டால், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்' என்று 596ஆம் குறள் சொல்வதும் அதே ஆவலைத்தான். கைகூடாமல் தள்ளிப்போனாலும் அப்படி நினைப்பதை விடாதே என்று அது ஒரு படி மேலேயும் போகிறது. ஒருவனுடைய ஆவல் உயர்வுள்ளலா பேராசையா என்பது பல நேரங்களில் அதற்குப் பெயர் வைப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அரக்கன் என்ற சொல்லும் அப்படியே. ஆகவே நான் இந்நூல்களை வாசிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, அந்தச் சொல் முதலில் யார் வாயிலிருந்து வருகிறது, அது வரும்போது குற்றம் நடந்துவிட்டதா இல்லையா என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' நூலில் இந்தக் குறிப்பு அதிர்ச்சி தருவது. மேரி ஷெல்லி இதைத் தொடங்கிய 1816 கோடையில் அவருக்குப் பதினெட்டு வயது. 1818 ஜனவரியில் பெயரில்லாமல் 500 பிரதிகளாக வெளிவந்தது. நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய உடல் நவம்பர் மாதத்து இரவு ஒன்றில் கண் திறக்கிறது. அவன் அறையை விட்டு ஓடி, படுக்கையில் விழுந்து உறங்கிப்போகிறான். கெட்ட கனவிலிருந்து திடுக்கிட்டு விழிக்கும்போது, படுக்கையின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. வாய் அசைகிறது, பொருளற்ற ஒலி ஏதோ வருகிறது, கன்னங்கள் சுருங்கி ஒரு சிரிப்பு தோன்றுகிறது, ஒரு கை நீள்கிறது. பிறந்த குழந்தை செய்யக்கூடியவை இவ்வளவுதானே, அக்கா? தன்னைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தக் கை நீண்டது என்று எண்ணிக்கொண்டு விக்டர் மாடிப்படியிறங்கி ஓடுகிறான். அந்த நேரத்தை விவரிக்கும்போதே அவன் வாயில் அரக்கன் என்ற சொல் வந்துவிடுகிறது. அது அதுவரை எவரையும் தீண்டியதுகூட இல்லை. கொலைகள் எல்லாம் பிறகு நடக்கின்றன, அவற்றை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. பிழை எதிலிருந்து தொடங்கியது என்பதே என் கேள்வி. உயிரை உண்டாக்க நினைத்தது பிழையென்று நூல் அறுதியிட்டுச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. சாகும் தறுவாயில் விக்டர், ஆவலைத் தவிர்த்து அமைதியில் இன்பம் தேடு என்று, தன்னைக் கப்பலில் ஏற்றிக் காத்த வால்டனுக்கு அறிவுரை கூறிவிட்டு, உடனேயே, நான் தோற்றேன் என்றாலும் இன்னொருவர் வெல்லக்கூடும் என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். பேத்தியின் கட்டுரை அந்த அறிவுரையோடு நின்றுவிட்டது. அடுத்த வாக்கியத்தையும் அவள் படிக்க வேண்டும்.

'மக்பெத்' நேர்மாறானது. விருந்தாளியாக வந்த முதிய அரசனைக் கொன்று, நண்பனைக் கொன்று, மக்டஃப் என்ற பிரபுவின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்று முடித்த பிறகு, இறுதிக் காட்சியில்தான், உன்னை அபூர்வமான அரக்க உருவைப் போலப் படம் எழுதிக் கம்பத்தில் மாட்டி, கொடுங்கோலனைக் காண வாருங்கள் என்று கீழே எழுதிவைப்போம் என மக்டஃப் சொல்கிறான். சொல் செயலுக்குப் பின்னால் வருகிறது. இழந்தவன் வாயிலிருந்தும் வருகிறது. இரண்டு நூல்களையும் ஒரே வாக்கியத்தில் கட்ட முடியாமைக்கு இது ஒன்றே போதும்.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1970களில் ராபன் தீவுச் சிறையில் இருந்த டர்பன்காரர் சன்னி வெங்கடரத்னம், ஷேக்ஸ்பியர் முழுத்தொகுதியின் அட்டைமேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, அதைத் தம் சமய நூல் என்று காவலர்களிடம் சொல்லிக் காப்பாற்றினார். கைதிகளிடம் அதைச் சுற்றுக்கு விட்டு, பிடித்த பகுதிக்கு அருகே கையெழுத்திடச் சொன்னார். மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கையெழுத்திட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு கைதியான பில்லி நாயர் தேர்ந்தெடுத்தது 'டெம்பெஸ்ட்' நாடகத்தில், வந்தேறிய பிராஸ்பெரோவிடம் தன் தீவை இழந்து அடிமையான கலிபன் பேசும் இடம்: இந்தத் தீவு என் தாய்வழி எனக்கு உரியது, நீ என்னிடமிருந்து பறித்துக்கொண்டாய். ஒரு தீவில் அடைபட்டிருந்தவர் இந்த வரியின் கீழ்ப் பெயர் எழுதியதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அந்த நாடகத்தில் கலிபனை அரக்கன் அரக்கன் என்று ஓயாமல் அழைப்பவர்கள் குடிபோதையில் தள்ளாடும் இரண்டு வேலைக்காரர்கள். அதற்காகக் கலிபனைத் தூயவனாக்கிவிடவும் முடியாது. பிராஸ்பெரோவின் மகள் மிராண்டாவைக் கெடுக்க முயன்றதை அவனே மறுக்கவில்லை. ஆனால் நாடகம் முடியும் முன் பிராஸ்பெரோ, கலிபனைக் காட்டி, இந்த இருள் உரு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான். விக்டருக்குக் கடைசிவரை அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவேயில்லை.

பைத்தியத்தைப் பேத்தி தண்டனையாகப் பார்த்திருக்கிறாள். லேடி மக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். அடர்ந்த இருளே வந்து மூடிக்கொள் என்று முன்பு அழைத்தவள் இப்போது விளக்கு எப்போதும் தன் அருகே எரிய வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறாள். கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, அந்தக் கிழவனுக்குள் இவ்வளவு இரத்தம் இருக்குமென்று யார் நினைத்திருப்பார்கள் என்கிறாள். அவள் சொல்வதை எழுதிக்கொள்வதாகச் சொன்ன மருத்துவர், காட்சி முடியும்போது, நினைக்கிறேன், பேசத் துணியவில்லை என்று நழுவுகிறார். அந்தக் கோட்டையில் தெளிந்த புத்தியோடு இருப்பவர்கள் அனைவரும் வாய்மூடியிருக்க, நடந்ததை நடந்தபடி சொல்பவள் அவள் ஒருத்தியே. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண்மணிக்குக் காவடிக் காலத்தில் அருள் வரும். அப்போது அவர் குடும்பத்துப் பெரியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னவற்றை மற்ற நாட்களில் சொல்லியிருந்தால் வீட்டில் இருக்க முடிந்திருக்காது. எங்கள் ஆயா மட்டும் மெல்ல, அதுக்கு ஒண்ணும் ஆகலே, வாய் திறந்திருக்கு, அவ்வளவுதான் என்பார்.

கப்பலேறியவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். முதல் ஆண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடலில் உள்ள தழும்பு, மச்சம் எழுத ஒரு கட்டமும் இருந்தது; என்ன விரும்பி வந்தார்கள் என்று எழுதக் கட்டம் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் சொந்தக் காலில் நிற்க நினைத்தவர்கள்மேல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதிக்க 1895இல் சட்டம் வந்தது. அது நீங்க 1914 ஆயிற்று. தோட்டத்துரை நூறு ஏக்கர் கரும்பை இருநூறாக்கினால் முன்னேற்றம். அவரிடமிருந்து விடுபட்டவர் அரை ஏக்கரில் கீரை போட்டால் அத்துமீறல். இதைப் பேராசை என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள், அக்கா.

இனி இராவணன். அவனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் நினைவுக்கு முதலில் வருபவர் காரைக்கால் அம்மையார். கணவன் தன்னைத் தெய்வமென்று காலில் விழுந்து விலகியபின், அவனுக்காகச் சுமந்த தசைப்பொதியைக் கழித்துப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்கிறது பெரியபுராணம். அண்டநாயகனார் என்னை அறிந்தால் போதும், அறியாத மக்களுக்கு நான் எவ்வுருவாய் இருந்தால் என்ன என்பது அவருடைய பதில். ஓடுகிறவர்களின் வாயிலிருந்து 'பேய்' என்ற சொல்லைப் பிடுங்கித் தமக்கே பெயராகவும் வைத்துக்கொண்டார்: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் 'செடிதலைக் காரைக்காற்பேய்' என்று கையெழுத்திடுகிறார். சனிக்கிழமை மண்டபத்தில் அதை எடுத்து, ஷெல்லியின் படுக்கைத் திரைக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பேத்தியையும் அழைத்துக்கொள்ளுங்கள். தலையால் நடந்து கயிலை ஏறிவரும் அந்த எலும்புருவைப் பார்த்து, இது யார் என்று உமை கேட்கிறாள். விக்டரைப் போல அங்கே யாரும் ஓடவில்லை. 'அம்மையே' என்று அழைக்கிறார் இறைவர்; 'அப்பா' என்று அந்தப் பேய் அவர் காலில் விழுகிறது.