போன்ல கில்லாடி, லேப்ல திண்டாட்டம்: கம்ப்யூட்டர் லேப் அண்ணன்கிட்ட கேட்டதும் அவர் சொன்னதும்

தொழிற்கல்வி பசங்க, டிகிரி படிக்கிறவங்கன்னு ரெண்டு பக்கத்துக்கும் லேப் பாத்துக்கறவன் நான். படிப்புக்கு கம்ப்யூட்டரை, ஆப்பை எப்படி பயன்படுத்தறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன். ரெண்டு மூணு பேருக்கு லேசா திட்டு விழும், கோச்சுக்காதீங்க.

அண்ணா, போன்ல வீடியோ எடிட் பண்றேன், எந்த ஃபார்ம் குடுத்தாலும் ஃபில் பண்றேன். லேப்ல "ஃபோல்டரை ஜிப் பண்ணி அப்லோட் பண்ணு"ன்னா முழிக்கிறேன். எனக்கு மட்டும்தானா இப்படி? (காமர்ஸ், முதல் வருஷம்)

உனக்கு மட்டும் இல்லமா. 2001-ல மார்க் பிரென்ஸ்கின்னு ஒரு அமெரிக்க கல்வி எழுத்தாளர் "டிஜிட்டல் நேட்டிவ்"னு ஒரு பேரை வெச்சாலும் வெச்சார், சின்ன வயசுன்னாலே கம்ப்யூட்டர் தானா வந்துடும்னு வாத்தியாருங்களும் நம்பிட்டாங்க, நீங்களும் நம்பிட்டீங்க. ஐசிஐஎல்எஸ்னு ஒரு சர்வதேச டெஸ்ட், பல நாட்டு 8ஆம் வகுப்பு பசங்களை கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு நிஜ வேலையா குடுத்துப் பாப்பாங்க, 2018-ல அதுல உச்ச லெவலை தொட்டது சராசரியா 2 சதவீதம் பேர்தான். போன் ஆப்புங்க ஃபைல் எங்க இருக்குன்னே உன் கண்ணுல காட்டாது, அப்புறம் உனக்கு எப்படி தெரியும்?

ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போடு, காப்பிக்கும் மூவுக்கும் வித்தியாசம் பாரு, ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியற மாதிரி செட்டிங்கை மாத்து. ஜிப் ஃபைலை எக்ஸ்ட்ராக்ட் பண்ணாம அதுக்குள்ளேயே டபுள் கிளிக் பண்ணி திறந்து ரெண்டு மணி நேரம் டைப் பண்ணிட்டு அப்புறம் "சேவ் பண்ணது காணோம்"னு வர்ற ஆளுங்க எனக்கு எல்லா செமஸ்டரும் உண்டு, நீ அதுல ஒருத்தியா ஆயிடாதே.

சார், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைல ஓடற வெட்டு மெஷின்) சிமுலேட்டர்ல எல்லா ப்ரோக்ராமும் கரெக்டா ஓடுது. மெஷின்ல ஓட்ட மாட்டேங்கறாங்க, சிமுலேட்டரே போதும்னு சொல்றாங்க. போதுமா? (மெஷினிஸ்ட் டிரேட்)

போதாது தம்பி. ஆனா சிமுலேட்டர் வேஸ்ட்டுன்னும் நான் சொல்ல வரல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

சிமுலேட்டர் காட்டறது டூல் போற பாதை. ஜி00 (வெட்டாம வேகமா நகர்ற கட்டளை) வர வேண்டிய இடத்துல ஜி01 (வெட்டிக்கிட்டே நேரா நகர்ற கட்டளை) போட்டியா, ஆர்க் தப்பான பக்கம் வளையுதான்னு பயமில்லாம அங்க பாக்கலாம், அதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனா பீஸைப் பிடிச்சு வெக்கற வைஸையும் கிளாம்ப்பையும் நீ அதுல வரைஞ்சு வெக்கலன்னா அதுக்கு கிளாம்ப்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, டூல் நேரா அதுல போய் மோதற ப்ரோக்ராமுக்கும் பச்சை டிக் குடுக்கும். ஜி54 ஆஃப்செட்டை, அதாவது பீஸோட ஜீரோ புள்ளியை, தப்பா எடுத்தாலும், டூல் லெங்த்தை மாத்தி அடிச்சாலும், அதெல்லாம் மெஷின்ல உன் கையால நடக்கற தப்பு, ஸ்கிரீன்ல வரவே வராது.

இன்னொண்ணு, இதை நோட்டுல எழுதி வெச்சுக்கோ. ஃபானக் மாதிரி சிஎன்சி கன்ட்ரோல்ல, செட்டிங்கைப் பொறுத்து, புள்ளி வெக்காம எக்ஸ்10-னு அடிச்சா அது 10 மில்லிமீட்டர் இல்ல, 0.01 மில்லிமீட்டர். உன் சிமுலேட்டர் அதையே 10-னு எடுத்துக்கற செட்டிங்ல இருந்துச்சுன்னா அங்க அழகா ஓடின ப்ரோக்ராம் மெஷின்ல வேற வேலை பாக்கும். அதனால முதல் தடவை ஓட்டும்போது சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா ஓட்டறது) போட்டு, ரேபிட் ஓவர்ரைடை (வேகமா நகர்றதோட அளவு) இறக்கி, கை டூல் நகர்றதை நிறுத்தற ஃபீட் ஹோல்டு பட்டன்கிட்டயே இருக்கணும். இந்தப் பழக்கம் மெஷின் முன்னாடி நின்னாதான் வரும், "மேற்பார்வையில ஒரே ஒரு பீஸ் ஓட்டறேன் சார்"னு கேட்டு வாங்கு.

வெல்டிங் சிமுலேட்டர் பத்தி கேட்ட ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். டார்ச் கோணம், வேகம், இடைவெளி மூணும் அதுல நல்லா பழகும், ராட் வீணாகாது. சூடும் புகையும் அங்க இல்ல, உருகின உலோகம் எப்படி ஓடுதுன்னு படிக்கற கண்ணு நிஜ ஆர்க்லதான் வரும்.

எக்ஸெல்ல எந்த ஃபார்முலா முதல்ல கத்துக்கணும்?

ஃபார்முலா அப்புறம். செல்லுக்குள்ள நீ அடிச்சதை எக்ஸெல் என்னன்னு எடுத்துக்குதுன்னு முதல்ல கத்துக்கோ. ரோல் நம்பர் 00457-னு அடிச்சா முன்னாடி இருக்கற ஜீரோவை அது முழுங்கிடும், 15 இலக்கத்துக்கு மேல நம்பர் அடிச்சா மிச்ச இலக்கமெல்லாம் ஜீரோ ஆயிடும், சத்தமே வராது. அந்த நெடுவரிசையை (column) முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம் அடிக்கணும். மார்ச்1, செப்ட்1-னு பேர் வெச்ச மனுஷ ஜீன்களை எக்ஸெல் விடாம தேதியா மாத்திட்டே இருந்ததால கடைசியில 2020-ல ஜீன் பேரையே மாத்தறதா விஞ்ஞானிங்க அறிவிச்சாங்க, ஒரு சாஃப்ட்வேருக்கு பயந்து! அதே வருஷம் இங்கிலாந்துல கொரோனா ரிசல்ட் கிட்டத்தட்ட 16,000 கணக்குல வராம போச்சு, பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ல 65,536 வரிக்கு மேல இடம் கிடையாது, மிச்சத்தை அது ஏத்திக்கவே இல்ல.

இது புரிஞ்சப்புறம் டேட்டாவை தொகுத்து சுருக்கிக் காட்டற பிவட் டேபிள், ஒரு பட்டியல்லேருந்து தேடி எடுக்கற எக்ஸ்லுக்அப் ரெண்டும் போதும், ரொம்ப நாள் வண்டி ஓடும். செல்லை மெர்ஜ் பண்றதை மட்டும் விட்டுடுங்க, வரிசைப்படுத்தும்போது (sort) அழுவீங்க.

தமிழ்ல இருக்கற சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டு பிரிச்ச டேட்டா) எக்ஸெல்ல திறந்தா குப்பை எழுத்தா வருது.

டபுள் கிளிக் பண்ணாதே. டேட்டா மெனுல போய் இம்போர்ட் பண்ணு, என்கோடிங் கேக்கும்போது யூடிஎஃப்-8 குடு.

நானே உக்காந்து எழுதின அசைன்மென்ட்டை ஏதோ டிடெக்டர்ல போட்டுட்டு ஏஐ எழுதினதுன்னு சொல்லிட்டாங்க அண்ணா. என்ன பண்றது? (எம்.ஏ., முதல் வருஷம்)

சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐயே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டாங்க, மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்தை அது ஏஐன்னு தப்பா சொல்லும்னு அவங்களே போட்டிருந்தாங்க, நம்ப முடியலன்னு அந்த ஜூலையிலயே எடுத்துட்டாங்க. செஞ்சவனே கைவிட்ட விஷயம் அது. மரியாதையா, சத்தம் போடாம, இதை எடுத்துச் சொல்லு. கூடவே கூகுள் டாக்ஸ்ல டைப் பண்ணிருந்தா வெர்ஷன் ஹிஸ்டரியை திறந்து காட்டு, எந்த நாள்ல எந்த பாரா வந்துச்சு, எதை அழிச்சேன்னு எல்லாம் அதுல இருக்கும். இனிமே எதையும் ஆரம்பத்துலேருந்தே அங்கேயே எழுது, வேற எடத்துல எழுதி மொத்தமா பேஸ்ட் பண்ணினா ஹிஸ்டரியில ஒண்ணும் நிக்காது.

ஏஐல எழுதி வாங்கிட்டு மாட்டாம இருக்க வழி கேட்டவங்களும் இருக்கீங்க, பேர் சொல்லல. மாட்டறது டிடெக்டர்ல இல்லப்பா, ரெஃபரன்ஸ்ல. ஏஐ, உலகத்துலயே இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பேர், வருஷம், பக்க எண் எல்லாம் போட்டு ஜம்முனு குடுக்கும். 2023-ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி குடுத்த, நிஜத்துல இல்லாத தீர்ப்புகளை அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. என்கிட்ட கேட்டா, முதல் டிராஃப்ட் நீ எழுது, அப்புறம் "இதுல எங்க வாதம் பலவீனமா இருக்கு"ன்னு அதுகிட்ட கேளு, அது திட்டினா பாதிக்கு பாதி உபயோகமா இருக்கும்.

லெக்சர் வீடியோவை 2எக்ஸ்ல ரெண்டு தடவை பாக்கறேன், பரீட்சைல ஒண்ணும் வரமாட்டேங்குது.

வேகம் பிரச்சனை இல்ல, ரெண்டாவது தடவை பாக்கறதுதான் பிரச்சனை. ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 2006-ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. பாடத்தை திரும்பத் திரும்ப படிச்ச மாணவர்களுக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லா ஞாபகம் இருந்துச்சு, ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி நின்னாங்க. வீடியோ முடிஞ்சதும் மூடிட்டு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிப் பாரு. வராத இடத்தை மட்டும் மறுபடி ஓட்டு. கேள்வி-பதில் கார்டை வெச்சு ஞாபகத்தை சோதிக்கற அங்கி ஆப் போட்டுக்கலாம், ஆனா கார்டை நீயே எழுதணும், அடுத்தவன் செஞ்ச கார்டை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கறது சும்மா சேமிப்புதான்.

லேப்டாப் இல்ல, போன் மட்டும்தான். கோடிங் முடியுமா?

முடியும். கூகுள் கோலாப் பிரவுசர்லயே பைத்தான் ஓட்டும், ஓடிஜி கேபிள்ல ஒரு கீபோர்டு மாட்டினா பாதி கஷ்டம் குறையும். லேப் நேரத்தை பெரிய ஸ்கிரீன் வேணுங்கற வேலைக்கு மட்டும் வெச்சுக்கோ, CAD (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறது), ஸ்ப்ரெட்ஷீட் மாதிரி.

ஆன்லைன் சர்டிஃபிகேட் எத்தனை வாங்கினா வேலை கிடைக்கும்?

எண்ணிக்கைல ஒண்ணும் இல்ல. ஒரு சர்டிஃபிகேட், அதை வெச்சு நீ செஞ்ச ஒரு சாமான், திறந்து காட்டற மாதிரி.

தம்பி, நான் பாடம் நடத்தறவ. மூடுல்ல (பாடம், க்விஸ் எல்லாம் ஏத்தற ஆன்லைன் தளம்) நோட்ஸ் எல்லாம் ஏத்திட்டேன், யாரும் திறக்கறதே இல்ல.

மேடம், நீங்க ஏத்தினதை ஒரு தடவை உங்க போன்ல, மொபைல் டேட்டாவுல திறந்து பாருங்க. ஸ்கேன் பண்ண பிடிஎஃப் 80 எம்பி இருந்தா பசங்க டேட்டா அதுலயே தீந்துடும், தேடவும் முடியாது, கண்ணு தெரியாத மாணவர் ஸ்கிரீன் ரீடர்ல கேக்கவும் முடியாது, ஏன்னா அது வெறும் போட்டோ. டைப் பண்ண ஃபைலா ஏத்துங்க. அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சு கேள்வில ஒரு க்விஸ் வைங்க, மார்க் வேண்டாம், எத்தனை தடவை வேணா எழுதலாம்னு விடுங்க, தப்பான விடைக்கு நோட்ஸ்ல எந்தப் பக்கம் பாக்கணும்னு ஃபீட்பேக்ல எழுதிடுங்க. நோட்ஸை திறக்க அவங்களுக்கு அப்போ ஒரு காரணம் இருக்கும். கேள்வியை கொஸ்டின் பேங்க்ல போட்டு வெச்சீங்கன்னா அடுத்த வருஷமும் உதவும்.