கயோட்டி வேட்டை: துப்பாக்கி வாங்குவதற்கு முன்

கேள்வி: டெக்சாஸில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஆஸ்டினுக்கு மேற்கே என் நண்பர் ஒருவர் பண்ணையில் வெள்ளாடு வளர்க்கிறார். இந்த ஆண்டு நான்கு குட்டிகளைக் கயோட்டிகள் (ஓநாய்க்கு உறவான, நரி போன்ற காட்டு விலங்கு) கொன்றுவிட்டன என்கிறார். அவரோடு வேட்டைக்குப் போக எனக்கு ஆசை. எந்த ரைஃபிள் வாங்கலாம்? கயோட்டியை வரவழைக்க எந்தக் கருவி நல்லது?

பதில்: நீங்கள் முதலில் கேட்ட ரைஃபிளை நான் கடைசிக்குத் தள்ளுகிறேன். பல குளிர்காலங்கள் இந்த விலங்கின் பின்னால் அலைந்திருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பிய நாட்களே அதிகம். காற்றைக் கவனிக்காததும் அவசரப்பட்டதும்தான் அந்த நாட்களைக் கெடுத்தன. துப்பாக்கி சரியில்லாமல் கெட்ட நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விசா. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ தம்மிடம் வைத்திருப்பதே குற்றம். கடையில் வாங்குவதோடு இது நிற்பதில்லை. நண்பரின் ரைஃபிளை வாங்கிக் குறிபார்ப்பதும் இதற்குள் வந்துவிடும். சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். உரிமம் வந்த பிறகும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் கட்டிய வாழ்க்கையை ஒரு காலைப்பொழுதுக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

உரிமம் பெறுவது கடினமில்லை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்கள் அதை இணையத்திலேயே முடிக்கலாம். டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் தளத்தில் விவரம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் கயோட்டிக்கு வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு.

அடுத்து, அந்த நான்கு குட்டிகள். கொன்றது கயோட்டிதானா என்று நண்பரிடம் கேளுங்கள். கயோட்டி பெரும்பாலும் தாடைக்குக் கீழே தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும்; பிறகு வயிற்றைக் கிழித்துத் தின்னும். அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் பின்னங்கால், காது, விலா என்று கண்ட இடத்தில் குதறிவிட்டு, பல நேரம் தின்னாமலேயே போய்விடும். தோலை உரித்துப் பார்த்தால் பற்குறி எங்கே விழுந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பழியெல்லாம் கயோட்டியின் மேல் விழ, பக்கத்துப் பண்ணை நாய்கள் தப்பித்துக்கொள்வதை நேரில் கண்டிருக்கிறேன்.

கயோட்டிதான் என்று உறுதியானாலும், சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஜோடி போனால், எல்லை தேடி அலையும் இளசுகள் சில வாரங்களில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரை தாராளமாகக் கிடைத்தால் அடுத்த ஈற்றில் குட்டிகளும் கூடும். ஆட்டைக் காப்பது இரவுக் கொட்டிலும் மின்வேலியும் கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்களும்தான். ஆட்டைக் குறிவைக்கும் குறிப்பிட்ட ஒரு விலங்கை அகற்றத்தான் வேட்டை உதவும். அந்த அளவோடு அதை மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி வரவழைக்கும் கருவி. இந்த வேட்டையின் உயிர் அதில்தான் இருக்கிறது. மானுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது போன்றதல்ல இது. அடிபட்ட முயலின் அலறலை நாம் எழுப்ப, பசித்த விலங்கு நம்மைத் தேடி வருகிறது.

அழைப்புக் குழல்களில் மூடிய ரீடு, திறந்த ரீடு என்று இரண்டு வகை உண்டு. ரீடு என்பது ஊதும்போது அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய தகடு. மூடிய ரீடில் அது குழலுக்குள் மறைந்திருக்கும். ஊதினாலே முயல் அலறும். முதல் வாரமே பயன்படுத்தலாம், ஆனால் குரல் ஒன்றுதான். கடுங்குளிரில் மூச்சின் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. திறந்த ரீடில் நாதஸ்வரச் சீவாளியைப் போல உதடுதான் சுருதி பிடிக்க வேண்டும். ரீடின் நுனியில் உதட்டை வைத்தால் கீச்சென்று எலிக்குரல் வரும். உள்ளே தள்ளிக் கடித்தால் குரல் தாழ்ந்து முயலாகும், இன்னும் தாழ்ந்தால் ஊளையாகும். பழக இரண்டு மாதமாவது பிடிக்கும். காரில் அலுவலகம் போகும்போது ஊதிப் பழகுங்கள், வீட்டில் வேண்டாம். கைக்குழந்தை வீரிட்டு அழுவது போல, ஒவ்வொரு குரலும் உச்சியில் தொடங்கிச் சரிந்து முடிய வேண்டும். முதல் அரை நிமிடம் மெதுவாக ஊதுங்கள். ஐம்பது கஜத்தில் ஒன்று படுத்திருக்கலாம். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மௌனம். அதற்குப் பின் சற்று உரக்க.

ஃபாக்ஸ்ப்ரோ போன்ற மின்னணுக் கருவியில் நூற்றுக்கணக்கான குரல்கள் பதிவாகி இருக்கும். தொலைவில் வைத்துவிட்டு ரிமோட்டால் இயக்கலாம். வரும் விலங்கின் கவனம் உங்கள் மேல் விழாமல் கருவியின் மேல் போகிறது என்பதே அதன் பெரிய பலன். டெக்சாஸில் கயோட்டிக்கு அதைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனாலும் தொடங்குபவர் முதலில் இருபது, முப்பது டாலர் குழல் ஒன்றில் கற்க வேண்டும் என்பேன். பொத்தானை அழுத்துபவருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிவதில்லை. மூச்சைச் செலவழித்து ஊதுபவருக்கு அது தானாகவே பிடிபடும்.

காற்றைப் பற்றி நான் கற்ற பாடம் ஒன்று. ஒரு ஜனவரி விடியல், லானோ ஆற்றுக்கு வடக்கே. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரங்கள் நிறைந்த மேடு. காற்று முகத்தில் அடிக்கிறது, என் வாடை பின்னால் போகிறது, முன்னால் வரும் விலங்குக்கு நான் இருப்பதே தெரியாது என்று நிம்மதியாக உட்கார்ந்து ஊதினேன். இருபது நிமிடம் ஒன்றும் அசையவில்லை. எழுந்து திரும்பினேன். புல்லின் மேல் வெள்ளையாய்ப் படிந்திருந்த உறைபனியில் ஒரு கரிய கோடு. வலப்பக்கத்திலிருந்து வளைந்து, எனக்குப் பின்னால் நாற்பது அடியில் வந்து நின்றிருக்கிறது. நின்ற இடத்தில் நான்கு பாதங்களும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. அங்கிருந்து நீண்ட பாய்ச்சல்களாக வந்த வழியே திரும்பிவிட்டது. என் வாடை அதன் மூக்கைத் தொட்ட இடம் அது.

கயோட்டி சத்தத்தை நம்பி வரும், ஆனால் மூக்கால் சரிபார்க்காமல் நெருங்காது. சத்தம் வரும் இடத்துக்குக் காற்றடிக்கும் திசையில் வட்டமடித்து வந்து மோப்பம் பிடிக்கும். ஆகவே காற்று பக்கவாட்டில் வீசும்படி உட்காருங்கள். இடமிருந்து வலமாக வீசினால், மின்னணுக் கருவியை உங்களுக்கு இடப்பக்கம், சற்று முன்னால், நாற்பது ஐம்பது கஜத்தில் வையுங்கள். வட்டமடிக்கும் விலங்கு உங்கள் வாடையைத் தொடுவதற்கு முன் உங்கள் எதிரே திறந்த வெளியைக் கடந்தாக வேண்டும். உங்கள் கண் வலப்பக்கத்தில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு புதர், முகத்துக்கு வலை, சூரியன் பின்னால், கார்க் கதவை அறையாமல் சாத்துவது, இவ்வளவு போதும். பதினைந்து, இருபது நிமிடத்தில் வராவிட்டால் அரை மைல், ஒரு மைல் தள்ளிப் போய் மறுபடி தொடங்குங்கள்.

இப்போது ரைஃபிள். முதல் ரைஃபிளாக .223 ரெமிங்டன் என்ற தோட்டா ரகத்தில் போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஒன்று போதும். தோட்டா மலிவு, உதைப்பு மிகக் குறைவு. நிறையச் சுட்டுப் பழகலாம். 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) குண்டு விநாடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் கிளம்பும். 200 கஜத்துக்குக் குறி பொருத்தினால் 100 கஜத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்ந்து விழும். அதற்குள் கணக்குப் போட வேண்டியதே இல்லை. டெக்சாஸின் வடக்கே பான்ஹேண்டில் சமவெளி போல வெட்டவெளியாக இருந்தால் இன்னும் வேகமான .22-250 ரகத் தோட்டா நல்லது, அடர்ந்த புதர்க்காட்டில் நாற்பது கஜத்துக்குள், ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 கேஜ் ஷாட்கன் இரண்டையும் வெல்லும். ஒரு எச்சரிக்கை: 5.56 ராணுவ ரகத் தோட்டா .223 ரைஃபிளின் தோட்டா அறைக்குள் நுழையும், ஆனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குழாயில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி), உட்கார்ந்தபடி சாய்த்துச் சுட ஒரு தாங்கு குச்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடி வரும் விலங்கைச் சுடாதீர்கள். வாயால் நாய் போல ஒருமுறை குரைத்தால் பெரும்பாலும் நின்று பார்க்கும். அந்த இரண்டு விநாடிதான் உங்களுக்கு.

அந்த இரண்டு விநாடியில் அது கயோட்டிதானா என்பதும் உறுதியாகியிருக்க வேண்டும். ஓடும்போது கயோட்டியின் வால் கீழே தொங்கும்; நாய் பெரும்பாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். நண்பரின் பண்ணையில் காவல் நாய் இருந்தால் அதற்குப் பளிச்சென்ற ஆரஞ்சுப் பட்டை கட்டச் சொல்லுங்கள். குண்டு போய்ப் புதைய மண்மேடு பின்னால் இல்லாவிட்டால் சுட வேண்டாம். டெக்சாஸில் உங்கள் குண்டு பண்ணை எல்லையைத் தாண்டிப் போவதே குற்றம். வேலிக் கம்பங்களிலோ மரங்களிலோ ஊதா நிறப் பட்டை தீட்டியிருந்தால் அத்துமீறி நுழையாதே என்று பொருள். அதற்குச் சட்ட வலு உண்டு.

விழுந்த விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். 1988-இல் தெற்கு டெக்சாஸ் கயோட்டிகளிடையே வெறிநாய்க்கடி நோய் பரவி, பல ஆண்டுகள் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து இரைகளைத் தூவித்தான் அதை அடக்கினார்கள். ரப்பர் கையுறை இரண்டு ஜோடி பையிலேயே இருக்கட்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். ஒன்பது வாரம் கழித்து, ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டிகள் இருக்கும். அப்போது தாயைச் சுட்டால் வளைக்குள் குட்டிகள் பசியால் சாகும். சட்டம் தடுக்காவிட்டாலும், ஆடு பறிபோய்க்கொண்டிருக்கும் பண்ணை தவிர வேறெங்கும் நான் ஏப்ரல் முதல் ஜூலை வரை குழலை எடுப்பதில்லை. நீங்கள் கோடையில் பயிற்சியையும் உரிமத்தையும் முடித்து, அக்டோபரில் தொடங்குங்கள். அந்த ஆண்டுக் குட்டிகள் தாயைப் பிரிந்து தனியே அலையும் காலம் அது. அனுபவமில்லாத அவை குழலுக்கு எளிதில் வரும். முதல் இரண்டு விடியல்களில் ரைஃபிள் நண்பரிடம் இருக்கட்டும், குழல் உங்களிடம் இருக்கட்டும்.