சாட்சி சொல்ல வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் சபையிலேயே வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் சித்திக்குப் புற்றுநோய் வந்தது. சபை முழுக்க உபவாசமிருந்து ஜெபித்தோம். சித்தி பிழைப்பார் என்று ஊழியக்காரர் தீர்க்கதரிசனமே சொன்னார். சித்தி இறந்துவிட்டார். பிறகு, "வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு" என்றார்கள். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. இப்போது எந்த அற்புதச் சாட்சியையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் மூன்று வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்ததாகவும் ஜெபத்தால் பிழைத்ததாகவும் அம்மா இருபது வருடங்களுக்கு மேலாகச் சாட்சி சொல்லிவருகிறார். நான் நம்பவில்லை என்றால் அம்மாவைப் பொய்க்காரி என்று சொன்னதாகிவிடாதா? பகலில் தெளிவாக இருக்கிறேன். இரவில் நரகத்தை நினைத்துத் திடுக்கிட்டு விழிக்கிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னையும் பல வருடங்கள் சபைக்குள் பிடித்து வைத்திருந்தது இந்தக் கேள்விதான். குழந்தைக்கு உடம்பு கொதித்தது உண்மை. அம்மா முழங்காலில் நின்று அழுததும் உண்மை. பிறகு சூடு தணிந்ததும் உண்மையாகவே இருக்கும். "அதனால்" என்று நடுவில் வரும் ஒரு சொல்லைத்தான் நீங்கள் சந்தேகிக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே இறங்கும். சூடு ஏறி, பயம் தாங்க முடியாமல் போகும் நேரத்தில்தான் நாம் உருகி ஜெபிக்கிறோம். உச்சத்தைத் தொட்ட காய்ச்சல் அடுத்து இறங்கத்தான் செய்யும். ஜெபமும் இறக்கமும் ஒரே இரவில் நடந்தால், இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

ஆனால் சாட்சி சொல்ல எழுந்து வருகிறவர்கள் எல்லோருமே பிழைத்தவர்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். புயலில் சிக்கி, வேண்டிக்கொண்டு உயிர் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களை டயாகரஸ் என்ற கிரேக்கரிடம் அவருடைய நண்பர் காட்டுகிறார். தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறாயே, இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே என்று கேட்கிறார். கடலில் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கும் வைக்கப்படவில்லையே என்கிறார் டயாகரஸ். இதைப் படித்த வாரம், நாங்கள் கை வைத்து ஜெபித்தவர்களை ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்து எழுதினேன். இறந்தவர்களின் பெயர்கள் ஜெபக் குறிப்பிலிருந்து சத்தமில்லாமல் எடுக்கப்பட்டிருந்தன. அவர்களைப் பற்றி யாரும் சாட்சி சொன்னதில்லை. உங்கள் சித்தியைப் பற்றியும் சொல்லமாட்டார்கள்.

எண்ணிப் பார்க்கும் வேலையை முறையாகச் செய்தவர்களும் உண்டு. ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில், இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஜெபம் கிடைக்குமா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் பின்விளைவுகள் வந்தன. உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் அது 59 சதவீதம். இதைக் காட்டியபோது என் நண்பர்கள், தேவனைச் சோதிக்கக் கூடாது என்றார்கள். சரி, அதையும் ஏற்கலாம். ஆனால் ஜெபம் பலிக்காதபோது அது கணக்கில் வராது என்றால், பலித்ததாகச் சொல்லப்படும் காய்ச்சலும் கணக்கில் வரக் கூடாது.

வியாதியஸ்தர்மேல் கை வைத்தால் சொஸ்தமாவார்கள் என்ற வாக்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: மாற்கு 16-ஆம் அதிகாரம், 18-ஆம் வசனம். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கையெழுத்துப் படிகளான சினாய் படியிலும் வத்திக்கான் படியிலும் மாற்கு சுவிசேஷம் அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள 12 வசனங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதே பெரும்பாலான வேதாகம அறிஞர்களின் முடிவு. அவர்களில் பலர் விசுவாசிகள். அந்த வசனத்தை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. பிற்சேர்க்கை என்ற செய்தியை நான் ஓர் அடிக்குறிப்பில் படித்தது அவர் போன பிறகுதான். அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

"விசுவாசக் குறைவு" என்று உங்கள் வீட்டில் சொன்னார்களே, அதை மட்டும் நீங்கள் சுமக்காதீர்கள். வலியோடு படுத்திருப்பவர்மேல் தன் சாவுக்குத் தானே காரணம் என்ற பழியையும் ஏற்றும் வார்த்தை அது. தீர்க்கதரிசனம் சொன்னவர் தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதைவிட, இறந்தவரையும் அவர் வீட்டாரையும் குற்றவாளியாக்குவது எளிதாக இருந்திருக்கிறது. என்னைச் சபையிலிருந்து வெளியே தள்ளியது ஆய்வுகளைவிட இந்த வார்த்தைதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குணமாக்கும் சாட்சிகள் நிற்கவில்லை என்பதால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. அவற்றை நம்பாமலே கிறிஸ்தவர்களாக வாழ்கிறவர்கள் ஏராளம். நானும் சில வருடங்கள் அங்கே நின்றேன். பிறகு இயேசுவின் உயிர்த்தெழுதலையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டியிருந்தது. இறந்த பரிசுத்தவான்கள் பலர் எழுந்து நகரத்துக்குள் வந்து அநேகருக்குக் காணப்பட்டதாக மத்தேயு 27 சொல்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் அது இல்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் மற்றவர்கள் எழுதாமல் விட்டிருப்பார்களா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்கள் போதவில்லை. உங்களுக்குப் போதலாம். எங்கே நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், அவசரம் வேண்டாம்.

இரவில் வரும் பயம் எனக்கும் இருந்தது. நம்பிக்கை போய் நான்கு வருடங்கள் கழித்துத்தான் அது போனது. எழுத்துக்கூட்டப் பழகும் முன்பே நரகத்தைக் கற்றுக்கொண்ட உடம்பு அதைச் சீக்கிரம் விடுவதில்லை. பயம் வருவதாலேயே நரகம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விழிக்கும் இரவில் விளக்கைப் போட்டு, எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பல இரவுகள் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் என் அம்மாவிடம் ஒரு வாக்குவாதத்தின் நடுவில், ஜெயிப்பதற்காகச் சொன்னேன். அவர் சாட்சியைத்தான் முதலில் உடைத்தேன். இன்றும் வருந்துகிறேன். நீங்கள் காய்ச்சல் கதையைத் தொடவே வேண்டாம். சித்தியிலிருந்து தொடங்குங்கள். கடைசி நாட்களில் சித்தி பட்டதை அம்மாவும் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். விசுவாசக் குறைவு என்று சொன்னபோது அவருக்கும் வலித்ததா என்று கேளுங்கள். உங்கள் அம்மா இதுவரை யாரிடமும் அதைச் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

அன்புடன்.